மூன்றாம் எண்ணின் நிறம்

1

இந்தக் கதையை நான் பார்க்கவில்லை. கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இது முழுக்க நிறத்தைப் பற்றிய கதை.

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் வாடகை நூலகம் இருந்தது. அதில் கடைசி பெஞ்சு என்னுடையது. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு ஒட்டுப்பலகைச் சுவரில் படும். சுவருக்கு அந்தப் பக்கம் செங்கல்வராயனின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நாள் முழுக்கத் தடதடக்கும். அந்தத் தடதடப்பில் நான் எத்தனையோ நாவல்களைப் படித்து முடித்திருக்கிறேன். சில நாயகிகள் டைப் அடிக்கும் சத்தத்தோடுதான் இன்னும் என் நினைவில் நடக்கிறார்கள்.

1988-இல் செங்கல்வராயன் இரண்டு டைப்ரைட்டர்களை விற்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மற்றவற்றை ஓரங்கட்டினார். சுவர் சட்டென்று அமைதியாகிவிட்டது. அமைதி எனக்குப் பிடித்த பொருள். ஆனால் அந்த அமைதியில்தான் மனிதர்கள் பேசுவது கேட்க ஆரம்பித்தது.

ஒருமுறைகூட எழுந்துபோய் எட்டிப் பார்த்ததில்லை. ஆகவே இதில் வரும் குரல்கள் நிஜம். முகங்கள் நான் வைத்தவை. அவர்கள் பேசாமல் இருந்த நேரங்களில் என்ன நடந்தது என்பதையும் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதுதான் இந்தக் கதையில் கஷ்டமான வேலை.

2

தொடக்க வரிகள், எழுதிய வரிசையில்:

‘அம்பத்தூர் ஏரியில் மாலைச் சூரியன் தன் செந்நிறத்தை—’

(ஏரி இந்தக் கதையில் வரவே வராது. அடித்துவிட்டேன்.)

‘மனிதன் தன் நினைவைத் தனக்கு வெளியே சேமித்து வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து—’

(இப்படி ஆரம்பிக்கிறவனை எனக்குத் தெரியும். இங்கேயே நிறுத்தாவிட்டால் கல்வெட்டில் ஆரம்பித்துப் பக்கம் பக்கமாகப் போவான்.)

‘நாகவல்லி கறுப்பு.’

இது இருக்கட்டும். ஆனால் நாகவல்லியே இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். “நான் கருப்பு இல்ல. புதுப்புளி கலரு” என்று அவள் யாரிடமோ சண்டை போட்டது என் காதில் விழுந்திருக்கிறது. அப்பா சைக்கிள் கம்பெனியில் வேலை. அவருக்கு முந்திய தலைமுறை, அந்தக் கம்பெனி நிற்கும் மண்ணிலேயே அடுத்தவர் வயலில் நாற்று நட்டது. நாகவல்லி டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். கம்ப்யூட்டர் வந்ததும் முதல் ஆளாகக் கற்றுக்கொண்டு, அங்கேயே சொல்லிக்கொடுப்பவளாகவும் ஆகிவிட்டாள்.

உலகநாதன் திருமுல்லைவாயல். ஐ.டி.ஐ. படித்தவன். மெஷின் படுத்தால் திறந்து பார்ப்பவன் அவன். (அவனைச் சந்தேகப்பட எனக்குக் காரணங்கள் உண்டு. ஒன்பதாம் பகுதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

செங்கல்வராயனைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும்: அவர் எதையும் சுழியில், அதாவது பூஜ்யத்தில், முடிக்க மாட்டார்.

கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறவர் யாராவது நூறு எழுதுவாரா? நூற்றொன்றுதானே? அந்த வழக்கத்தைச் செங்கல்வராயன் வாழ்க்கை முழுவதற்கும் நீட்டியிருந்தார். ஃபீஸ் ஒன்றில் முடியும். வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்தால் பதினோராவது ஆள் வரும்வரை பாடம் தொடங்காது. ஃப்ளாப்பியில் சேமிக்கும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு ஒன்று இருக்கும்.

“சுழியில முடிச்சா முடிஞ்சிபூடும் நைனா. ஒண்ணுல முடிச்சாத்தான் அதும் பின்னாடி இன்னொண்ணு வரும்” என்பார்.

அந்த முதல் மெஷினில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. அப்பளம் மாதிரி வளையும் அகல ஃப்ளாப்பி இரண்டு. ஒன்றில் மெஷினை எழுப்ப வேண்டும், மற்றதில் நம் வேலையைச் சேமிக்க வேண்டும். ஆனால் கலர்! வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்துகொண்டிருந்த காலம். கறுப்பு வெள்ளையில் கம்ப்யூட்டர் வைத்தால் எவன் மாடி ஏறுவான் என்று, கலர் கார்டும் கலர் மானிட்டரும் போட்டே வாங்கினார்.

கலர் என்றால், ஒரே நேரத்தில் நான்கு. கறுப்பும் இன்னும் மூன்றும். அதற்கு ‘கலர்’ என்று அடித்து, பின்னால் இரண்டு எண் கொடுக்க வேண்டும். செங்கல்வராயன் பாடம் நடத்தும்போது ‘கலர் சுழி, ஒன்று’ என்று சொன்னார். எல்லோரும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். திரையில் வான்நீலமும் ரோஸும் வெள்ளையும் வந்தன. பதினோரு பேரும் கைதட்டியது என் பெஞ்சில் அதிர்ந்தது.

மெஷினோடு வந்த தடிப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். பீரோ கதவில் சாமி படம். ஆகவே புத்தகத்துக்கும் தினம் கற்பூரம்.

4

1989, ஏதோ ஒரு மத்தியான வேளை. இன்ஸ்டிடியூட் இப்போது கம்ப்யூட்டர் சென்டர். அதில் நாகவல்லியும் உலகநாதனும் மட்டும்.

“கண்ண மூடிக்கோ. தொறக்கச் சொன்னப்புறம் தொற” என்றான் உலகநாதன்.

“இன்னாப்பா, ஷாக் அடிக்க வெக்கப் போறியா?”

ஃப்ளாப்பி கரகரவென்று அரைத்தது. படம் ஒவ்வொரு வரியாக இறங்கியிருக்கும். நான் இந்தப் பக்கம் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தேன்.

“தொற.”

(இங்கே ஒரு நீண்ட மௌனம். முதல் பிரதியில் ‘அவள் கண்கள் கலங்கின’ என்று எழுதியிருந்தேன். பிறகு அவள் பேசியது ஞாபகம் வந்தது. அடித்துவிட்டேன்.)

“யாருப்பா இது?”

“நீதான்.”

“நானா? செடி நீலமா கீது. புடவ ரோஸா கீது. மூஞ்சி, சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி கீது. இது நானா?”

அவன் பாவம், ஒரு மாதமாகக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து, ஒவ்வொரு புள்ளியையும் எண்ணாக மாற்றி அடித்திருக்கிறான். முதல் தடவை முகத்துக்கு வண்ணம் நிரப்பும்போது காதோரம் ஒரு புள்ளி விட்டுப்போய், வெள்ளை அந்த ஓட்டை வழியாகத் திரை முழுக்க வழிந்து ஓடிவிட்டதாம். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னான்.

“முடி சுழி, செடி ஒண்ணு, புடவ ரெண்டு, மூஞ்சி மூணு. மெஷின்ல கீறதே நாலு கலரு. நான் இன்னா பண்றது?”

“கருப்பு கீதே. அத்த வெச்சிருக்கலாம் இல்ல?”

“முடியும் மூஞ்சியும் ஒண்ணா பூடும். கண்ணு மட்டும்தான் முழிக்கும்.”

“நீலம் வெச்சிருக்கலாம். சாமின்னு நெனச்சி செங்கல்வராயன் சாரு கற்பூரமாவது காட்டியிருப்பாரு.”

அவன் சிரிக்கவில்லை. “வல்லி, படம் பாக்கச் சொல்றதுக்கு மட்டும் கூப்படல” என்றான். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டான். அதை நான் இங்கே எழுதவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டான், எனக்கும் சரியாகக் கேட்கவில்லை, ஆனால் உலகத்தில் எல்லோரும் கேட்பது போலத்தான் கேட்டிருப்பான்.

நாகவல்லி நாற்காலியை நகர்த்தினாள்.

“எங்கம்மா ஸ்டூடியோக்காரன்கிட்ட வெள்ளையாக்கச் சொல்லும். நீயும் வெள்ளையாத்தான் ஆக்கிக் கீற. என் கலரு எப்ப வருதோ அன்னிக்கு வா. பேசலாம்.”

ஆக, கதையில் எது பணயம் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல், சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன்.

5

வந்ததா அவள் நிறம்? முதலில் போனது.

1990-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து கம்பெனிக் கடிதங்களும் கணக்குகளும் வர ஆரம்பித்தன. கலர் திரையில் எழுத்து கொசகொசவென்று தெரிகிறது என்று செங்கல்வராயன் கலர் கார்டைப் பிடுங்கி விற்றார். எழுத்தைக் கூர்மையாகக் காட்டும் ஒற்றை நிறக் கார்டு வந்தது; திரை முழுக்க ஆரஞ்சு. கூடவே இருபது எம்.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதற்கு நடந்த உபசாரம் சொல்லி மாளாது. அணைப்பதற்கு முன் அதைத் தூங்கவைக்க ஒரு கட்டளை அடிக்க வேண்டும். “டிஸ்க்க படுக்க வெச்சியா?” என்று செங்கல்வராயன் ராத்திரி கடை பூட்டும்போது கேட்பார். தொட்டிலை ஆட்டிவிட்டு வந்த தாய் மாதிரி நாகவல்லி “வெச்சிட்டேன் சார்” என்பாள்.

உலகநாதன் பழைய ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தான். இந்தக் கார்டில் அந்தப் படம் ஏறவே இல்லை. ‘இல்லீகல் ஃபங்க்‌ஷன் கால்’ என்று வந்தது.

“இன்னாடா இல்லீகல்ன்றான்?” செங்கல்வராயன் பதறினார். “போலீசு கீலீசு வருமா?”

“ஒண்ணும் இல்ல சார்” என்றாள் நாகவல்லி. “உலகு என்னமோ கேட்டிருக்கு. மெஷினு முடியாதுன்னுட்ச்சி.”

அவன் ஃப்ளாப்பியை உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருப்பான். (இது நான் வைத்தது.)

6

(இங்கே ஆயுத பூஜை அத்தியாயம் ஒன்று இருந்தது. செங்கல்வராயன் ஃப்ளாப்பிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்; அதுவும் சரியாக, மெஷின் படிக்கும் அந்தத் திறந்த இடத்தில். நடந்ததுதான்; மறுநாள் சென்டரில் எழுந்த கூக்குரலை மறக்க முடியாது. அந்தப் படம் இருந்த ஃப்ளாப்பியும் அதில் போனது என்று எழுதிப் பார்த்தேன். கண்ணீர் வந்தது, எனக்கு. ஆனால் அது பொய். அது உலகநாதன் வீட்டில் பத்திரமாக இருந்தது. கண்ணீருக்காக ஒரு ஃப்ளாப்பியைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தியாயத்தை நீக்கிவிட்டேன். சிரித்தவர்கள் சிரித்தது வரைக்கும் லாபம்.)

7

1993-இல் புது மெஷின் வந்தது. இருநூற்றைம்பத்தாறு நிறம் காட்டும் கார்டு. ஃப்ளாப்பியும் மாறிவிட்டது: சட்டைப்பையில் அடங்கும், வளையாது, தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். அகல ஃப்ளாப்பியை நுழைக்க இந்த மெஷினில் வாயே இல்லை.

உலகநாதன் ஒரு வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. சிவப்பும் பச்சையும் நீலமும் இத்தனைக்கு இத்தனை என்று கலந்துகொண்டே இருந்தான். பிறகு கூப்பிட்டான்.

“வல்லி, இங்க பாரு. புதுப்புளி.”

“ஷோக்கா கீது” என்றாள். நிஜமாகவே நன்றாக இருந்திருக்க வேண்டும். குரலில் கேலி இல்லை. “அசல் எங்க ஊட்டுப் புளியேதான்.”

“அப்ப பேசலாமா?”

மௌனம்.

(இதில் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். அவள் ‘பேசலாம்’ என்று சொன்னால் கதை இங்கேயே முடியும். நல்ல கார்டு வந்தது, நிறம் வந்தது, கல்யாணம் ஆயிற்று. கார்டு விற்ற கடைக்காரருக்கு விளம்பரமாக ஆகும்.)

“இப்ப மெஷின்ல எல்லாம் கீது, எடுத்துப் போட்டுட்ட. யாரு வேணா போடுவாங்க உலகு. ஒண்ணும் இல்லாதப்போ என்ன பாத்தியே, அப்ப இன்னா கலரு தெரிஞ்சிது உனுக்கு? அதான் எனுக்குத் தெரியணும்.”

இதற்கு எந்தக் கடையில் போய் என்ன கார்டு வாங்குவது?

8

அதே மாதம் அவள் அம்மா பூங்காவனம் மாடியேறி வந்தார். வந்த வேகத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

“ஞாயித்துக்கெழம பூந்தமல்லிக்காரங்க வர்றாங்கடி. போட்டோ பாத்துட்டு ரொம்பப் புடிச்சிக்கீதாம்.”

“எந்த போட்டோ?”

“அதான், ஸ்டூடியோல எட்த்தது.”

உறை பிரியும் சத்தம்.

“எம்மா, இது யாரும்மா? பவுடர் டப்பால உளுந்த மாதிரி கீறா. இவளுக்குத்தான் புடிச்சிக்கீதுன்னா, இவளையே கட்டிக்கச் சொல்லு.”

“வாயி! உங்கப்பனுக்கு முடியாம கெடக்குது. வர்றவங்க எதிர்ல ஊம்னு ஒரு வார்த்த. அவ்ளோதான் கேக்கறேன்.”

பூங்காவனத்தைக் கெட்டவராக்க ஒரு பிரதியில் முயன்றேன். முடியவில்லை. இறங்கிப் போகும்போது அவர் படியில் நின்று, “சாப்ட்டியாடி?” என்று கேட்டது கெடுத்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் நாகவல்லி உலகநாதனிடம் சொன்னாள்: “அந்தப் பழைய படம் கீதா? நாளைக்கு நான் ஊம்னு சொல்றதா ஊஹூம்னு சொல்றதா தெரியல. அத்த ஒரு வாட்டி பாத்துக்கறேன்.”

அவன் அகல ஃப்ளாப்பியைப் படிக்கும் பழைய ட்ரைவைப் பரணிலிருந்து இறக்கி, புது மெஷினின் வயிற்றைத் திறந்து, நாடா மாதிரியான கேபிளில் மாட்டினான். ட்ரைவ் பெட்டிக்கு வெளியே மேசைமேல் கிடந்தபடி சுற்றியது. கரகரவென்று அந்தப் பழைய சத்தம். என் முதுகு அதை அடையாளம் கண்டுகொண்டது.

9

அவளே அடித்தாள். கலர் சுழி, ஒன்று. படம் இறங்கியது. நீலச் செடி, ரோஸ் புடவை, வெள்ளை முகம்.

“அதேதான்” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “ஸ்டூடியோக்காரன் பண்ணதும் இதான், நீ பண்ணதும் இதான்.”

பின்னால் நாற்காலியில் செங்கல்வராயன், நிலைமை எதுவும் தெரியாமல், “நாளைக்கு நல்ல காரியம். எல்லாத்தையும் ஒண்ணுல முடி நைனா. சுழியில மட்டும் முடிச்சிடாத” என்றார்.

நாகவல்லி எப்போதாவதுதான் கோபப்படுவாள். அன்று பட்டாள்.

“நாளைக்கு வர்றது முடிஞ்சா பரவால்ல சார். முடியட்டும்னுதான் கீறேன். இதோ, சுழியிலயே முடிக்கறேன்.”

கலர் சுழி, சுழி. ஒவ்வொரு விசையின் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. பிறகு அந்தப் பெரிய என்டர் விசையின் சத்தம்.

மௌனம்.

இந்த மௌனத்தை நான் நிரப்பப் போவதில்லை. அதன் முடிவில் செங்கல்வராயன் எழுந்து நின்ற சத்தம் வந்தது. பிறகு நாகவல்லி, யாரையும் பார்த்துச் சொல்லாதது போல, மெல்ல:

“செடி பச்சையாயிட்ச்சி. புடவ சிவப்பு... அன்னிக்கு நான் கட்டிகினு வந்ததே சிவப்புப் புடவதான். மூஞ்சி—”

வாக்கியத்தைப் பாதியில் அவள்தான் விட்டாள், நான் இல்லை.

“இது நானு.”

வாசகருக்கு ஒரு விளக்கம். ஃப்ளாப்பி நிறத்தைச் சேமிப்பதில்லை. எந்தப் புள்ளிக்கு என்ன எண் என்பதை மட்டும் சேமிக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று எந்த நிறம் என்பது, பார்க்கும் நேரத்தில் கொடுக்கும் கடைசி எண்ணைப் பொறுத்தது. ஒன்று கொடுத்தால் நீலம், ரோஸ், வெள்ளை. சுழி கொடுத்தால் பச்சை, சிவப்பு, மண் நிறம். அவள் நிறம் முதல் மெஷினிலேயே இருந்தது. ஊர் வழக்கம் ஒன்று அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

“உலகு” என்றாள் நாகவல்லி. “நீ இது தெரிஞ்சிதான் அப்பவே மூஞ்சிக்கு மூணு போட்டியா?”

இங்கேதான் நான் முன்பு சொன்ன சந்தேகம். பீரோவைத் திறந்து அந்தத் தடிப் புத்தகத்தை உலகநாதன் ஒருமுறை எடுத்துப் படித்தான். சாவி சத்தமும் செங்கல்வராயனின் திட்டும் கேட்டேன். அது படம் வரைவதற்கு முன்பா, பின்பா? எத்தனை யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நானும் வெறும் எண்ணைத்தான் சேமித்திருக்கிறேன் போல.

அவன் தலையாட்டியிருப்பான். தலையாட்டல் பலகைச் சுவரைத் தாண்டி வராது.

10

அ. ஆமாம் என்று ஆட்டினான். தெரிந்தே வைத்துவிட்டு, அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தான். (அழகு. ஆனால் ஒரு மாத உழைப்பை மூச்சு விடாமல் சொன்னவன் இதை மட்டும் நாலு வருடம் அடக்கிவைப்பானா?)

ஆ. இல்லை என்று ஆட்டினான். அன்று வெள்ளை வெறும் வெள்ளைதான். (பொய் சொன்னால் ஜெயிக்கும் இடத்தில் உண்மை சொன்னவன். இவனை எனக்கு அதிகம் பிடிக்கிறது. அவளுக்கும் பிடிக்குமா?)

இ. நம் ஊர்த் தலையாட்டல் ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு ஆமாவா இல்லையா என்று விளங்காது. அப்படி ஆட்டினான்.

எதுவாக இருந்தாலும், அவள் சிரித்தாள். அது எனக்கு நன்றாகக் கேட்டது. பலகை அதிரும் சிரிப்பு. செங்கல்வராயன், “இன்னா நைனா சிரிப்பு? மானிட்டரு பூட்ச்சா?” என்று கேட்க, இன்னும் சிரித்தாள்.

“சரி, சேவ் பண்ணு” என்றாள் பிறகு.

“கலரு சேவ் ஆவாது வல்லி. நம்பர்தான் ஆவும். ஒவ்வொரு வாட்டி தொறக்கசொல்லவும் நாமதான் போடணும்.”

“ஒவ்வொரு வாட்டியுமா?”

“ஒவ்வொரு வாட்டியும்.”

திங்கட்கிழமை காலை நான் பெஞ்சில் உட்கார்ந்ததும், சுவருக்கு அந்தப் பக்கம் செங்கல்வராயன் நாகவல்லியிடம் கேட்டார்: “வந்தவங்களுக்கு இன்னா சொன்ன?”

நான் எழுந்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, முதல் முறையாக, வாசலோரம் இருந்த முன்பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். பேருந்துகளின் சத்தத்தில் அங்கே எதுவும் கேட்காது. அந்தப் பதில் எனக்குச் சொல்லப்பட்டது அல்ல.

பத்தில் முடிப்பதைச் செங்கல்வராயன் ஒப்பமாட்டார். ஆகவே இன்னொரு பகுதி. எண்களை எல்லாம் உங்களிடம் கொடுத்துவிட்டேன். கடைசி எண் நீங்கள் போடுவது.

11

கலர் 0,